வண்டிப் பாதையிலிருந்து பார்த்த பச்சை

நேற்று எங்கள் தெருமுனையில் மரக்கன்று நட்டார்கள். மேடையில் பேசியவர் மேற்கே கையை நீட்டி, "நம் மலை எவ்வளவு பச்சை, பாருங்கள்!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் எழுந்துகொண்டேன். நழுவி வரும்போது வேலியோரத்து உண்ணிச்செடியில் வேட்டி மாட்டிக்கொண்டது. எடுத்துவிட்ட கையில் அதன் நாற்றம் ஏறிக்கொண்டது. அவ்வளவுதான், களக்காட்டுக்கே போய்விட்டேன்.

முதல் ஜெர்மன் சண்டைக்கு முந்திய வருஷம். காட்டிலாகாவில் நான் புதுக் குமாஸ்தா. திமிருக்குக் குறைவில்லை, பாளையங்கோட்டையில் தைத்த புது பூட்ஸ் வேறு. அடிவாரக் காட்டைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு துண்டை விறகுக்கு வெட்டலாம். பன்னிரண்டாவது முடியும்போது முதல் துண்டு அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து மறுபடி காடாகியிருக்க வேண்டும். அப்படியானால் விறகுக்கும் முடிவில்லை, காட்டுக்கும் முடிவில்லை. இந்த விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

ரயில் எஞ்சினுக்கு விறகு போதவில்லை என்று கண்டிராக்டர் அண்ணாச்சி அந்த வருஷமே இன்னொரு துண்டு கேட்டார். பழைய துண்டுகள் தழைத்திருந்தால் கொடுக்கலாம் என்றது மேலிடம். பார்த்து எழுத வேண்டியவன் நான். ஐப்பசி மழை விட்டிருந்தது. இருவரும் வண்டிப் பாதையில் நின்று பார்த்தோம்.

"பச்சைப்பசேல்னு கெடக்கு. இன்னும் என்ன வே யோசிக்கீரு? எழுதும்" என்றார்.

மேலே போனால் அட்டை கடிக்கும், பூட்ஸ் சேறாகும். 'நன்கு தழைத்திருக்கிறது' என்று எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் செல்லம்மை வழிமறித்தாள். அடிவாரத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவள். மலையிலிருந்து இறங்கும் ஓடைதான் அதற்கு உயிர்.

"மரம் தழைச்சிருக்குன்னு எழுதினியளாமே, வண்டிக்காரங்க சொல்லுதாங்க. ஏறிப் பாத்தியளா?"

"கீழேயிருந்தே தெரியுதே."

"அங்கன தெரியுதது உண்ணிச்செடி அய்யா! வெட்டினவன் வேரையும்லா தோண்டிட்டுப் போயிருக்கான். இன்னொரு துண்டும் போச்சுன்னா ஓடை வத்திரும். எம் பிள்ளையளக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

ஏறினேன். செடியை விலக்க விலக்கக் குழிகள். வேர்க்கட்டை நின்று எரியும் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. துளிர்க்க என்ன இருக்கிறது?

இறங்கியதும் இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'முன்பு ஏறிப் பார்க்காமல் எழுதிவிட்டேன்' என்று ஒப்புக்கொள்ளாமல் அதை எழுத முடியாது. ஒப்புக்கொண்டால் வேலை போகும். எப்படியோ எழுதி முடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு, நாளைக்கு என்று நாலு நாள் திரிந்தேன். சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மலையில் கோடரிச் சத்தம் கேட்டது. கடிதம் பையிலேயே இருந்தது. வெட்கங்கெட்ட ஜென்மம்!

இப்போது காட்டைக் காப்பது பற்றி நிறையப் பேசுகிறார்கள். வளர்கிற அளவுக்கு வெட்டு என்பது எனக்கும் தெரிந்துதானே இருந்தது? வளர்ந்ததா என்று கால் வலிக்கப் போய்ப் பார்ப்பதும், இல்லையென்றால் இல்லை என்று சொல்வதும்தான் நம்மால் முடிவதில்லை.

இரண்டாம் வருஷம் மாசியிலேயே ஓடை நின்றது. கொடிக்கால் கருகியது. செல்லம்மை பிள்ளைகளோடு சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கிளம்பினாள். வண்டியில் ஏறுமுன் கடைசியாகப் பறித்த ஒரு பிடி வெற்றிலையை என் கையில் வைத்தாள்.

"நீங்க ஏறிப் பாத்து எழுதியும் அந்தப் பாவிப்பயலுவ கேக்கலையே அய்யா" என்றாள்.

வெற்றிலையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இன்று அங்கே ஓடையும் இல்லை, கொடிக்காலும் இல்லை. எந்தத் தோட்டத்துக்குப் போகிறாள் என்று அன்று கேட்டு வைத்துக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.