ரசீதக்கா கீழறையைக் காலி செய்த கதை

கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள் காலையில், அந்த வீட்டின் கீழறைக் கதவைத் திறக்க மூன்று பேர் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளே ஏதோ சரிந்து கதவை அடைத்துக்கொண்டிருந்தது. தம்பி தள்ளினான். தங்கை தள்ளினாள். கடைசியில் ரசீதக்கா வந்து இடுப்பால் ஓர் இடி இடித்தாள். கதவு லேசாகத் திறந்தது. அந்த இடுக்கு வழியாக ஒரு பழைய டென்னிஸ் பந்து உருண்டு வந்து மாடிப்படியடியில் போய் நின்றது.

"பாரு, அதுக்கே உள்ள இருக்கப் பிடிக்கல" என்றான் தம்பி.

ரசீதக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. பேருந்து நிலையத்தில், தவறவிட்ட பொருட்கள் பிரிவில், இருபத்தொன்பது வருடங்களாக ஒரே நாற்காலி. குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு முறை ஒரு முழுப் பல்செட்டு என்று, ஊரார் மறந்துவிட்டு இறங்கிப்போன எல்லாம் அவளிடம்தான் வந்து சேரும். கையெழுத்து வாங்காமல் ஓர் ஊசியைக்கூட அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. பள்ளிக்கூட நாட்களில் அவளுடைய பேனாவை இரவல் கேட்ட தம்பியிடம் "எழுதிக் கொடுத்துட்டு எடுத்துக்கோ" என்று அவள் சொல்ல, அன்றைக்கு அவன் வைத்த பெயர்தான் ரசீதக்கா. இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது.

கல்யாணப் பேச்சு அவளுக்கு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அம்மாவின் நோய் முந்திக்கொண்டது. அம்மா போன பிறகு மூன்றாம் முறை என்று ஒன்று வரவே இல்லை. அவளும் அப்பாவும் மட்டும் அந்த வீட்டில் தங்கிப்போனார்கள். தம்பியும் தங்கையும் ஆளுக்கொரு ஊரில் குடும்பமானார்கள். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருவார்கள்; போகும்போது எதையாவது கீழறையில் விட்டுப்போவார்கள். "அடுத்த தடவை எடுத்துக்கறேன்க்கா" என்பார்கள். அந்த அடுத்த தடவைகள் எல்லாம் சேர்ந்துதான் இப்போது கதவை அடைத்துக்கொண்டிருந்தன.

அப்பாவுக்கு எண்பத்து மூன்று. ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நவம்பரில் மாடிப்படியில் தவறி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஜனவரி இரண்டாம் தேதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "இனிமேல் படி ஏறக்கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படுக்கையறைகளோ மாடியில். கீழே கட்டில் போடக்கூடிய ஒரே அறை, இந்தக் கீழறை.

அது காலியாகாவிட்டால்? அதற்கும் பதில் தயாராக இருந்தது. தம்பியின் கைப்பையில் ஒரு முதியோர் இல்லத்தின் விண்ணப்பப் படிவம் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"முப்பத்தொண்ணாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான்க்கா அங்க இடம் பிடிச்சு வெச்சிருக்காங்க" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். "ரூம் ஆச்சுன்னா சரி. ஆகலன்னா நான் ஆமான்னு சொல்லிடுவேன். உனக்கும் முதுகு வலி. எத்தனை நாள்தான் தாங்குவ?"

"ஆகும்" என்றாள் ரசீதக்கா.



முதல் நாள் மூன்று பேருமாக இறங்கினார்கள். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, தூக்கிப்போட என்று ஒதுக்கிய குவியலில் இரண்டு தீர்ந்துபோன பேட்டரிகளும் கிழிந்த பரிசுக் காகிதமும் மட்டும் இருந்தன. தம்பி ஓர் உடைந்த டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தங்கை ஒரு பிளாஸ்டிக் குளியல் தொட்டியை, குழந்தையையே தூக்குவதுபோல, இடுப்பில் வைத்திருந்தாள்.

"அது எதுக்குடி உனக்கு? உன் பையன் மீசை வெச்சாச்சு."

"அவன் முதல் முதல்ல குளிச்சது இதுலதாண்ணா. நீ மட்டும் அந்தப் பாடாத பெட்டியைக் கட்டிக்கிட்டு அழற?"

"இது ரிப்பேர் பண்ணினா பாடும்."

"இருபது வருஷமா நீயும் இதையேதான் பாடற!"

போதாக்குறைக்கு, இந்த வருடப் பொம்மைகளின் காலி அட்டைப்பெட்டிகளைத் தம்பி வேறு ஒருபக்கம் அடுக்கிக்கொண்டிருந்தான். "திருப்பிக் கொடுக்கணும்னா பெட்டி வேணும்ல?" என்றான். அறையில் இருந்ததைவிட இப்போது கூடிப்போயிருந்தது.

ரசீதக்கா எழுந்தாள். இருவரின் கையில் இருந்ததையும் வாங்கி உள்ளே வைத்தாள். கதவைச் சாத்தினாள். கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியும் முக்காலியும் போட்டு, ஒரு நீள நோட்டைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஒரு நொடியில் அந்த நடைவழி, பேருந்து நிலையத்துக் கவுன்ட்டர் ஆகிவிட்டது.

"இங்க பாருங்க. கண்ணால பாத்தா எல்லாமே நம்மளோடதுதான்னு தோணும். அதனால என் கவுன்ட்டர்ல யாருக்கும் பொருளை முதல்ல காட்ட மாட்டேன். பாக்காம சொல்லணும். என்ன பொருள், என்ன அடையாளம்? சரியா சொன்னா எடுத்துக்கலாம். யாருக்கும் ஞாபகமே இல்லாதது போகட்டும்."

"கறுப்புக் குடைன்னு சொன்னா கொடுப்பியா?" என்று கிண்டலடித்தான் தம்பி.

"போன வாரம் ஒருத்தர் அப்படித்தான் வந்தார். 'இங்க நூத்திப் பதினாலு கறுப்புக் குடை இருக்கு, உங்க குடைக்கு மட்டும் என்ன இருக்கு'ன்னு கேட்டேன். விரிக்கும்போது என் வீட்டுக்காரி திட்டற மாதிரியே ஒரு சத்தம் வரும்னார். ஒவ்வொண்ணா விரிச்சுப் பார்த்தேன். நாப்பதாவது குடை அப்படியே திட்டிச்சு. கையெழுத்து வாங்கிட்டுக் கொடுத்துட்டேன். ம், சொல்லு."

தம்பி மிடுக்காக மாடிப்படியில் உட்கார்ந்தான். "என் சைக்கிள். சிவப்பு. மணி ஒரு பக்கம் நசுங்கி இருக்கும்."

"உன் சைக்கிள் பச்சை. மணி நசுங்கினது உண்மை. அதை நீ காலேஜ் சேர்ந்த வருஷமே வித்தாச்சு. அடுத்தது."

"என் கல்யாண ஆல்பம்" என்றாள் தங்கை.

"அது உன் வீட்டு அலமாரியில இருக்குடி. போன வருஷம் நான்தான் தூசி தட்டினேன்."

இப்படியே போயிற்று. ஞாபகத்தில் இருந்தவை அறையில் இல்லை. அறையில் இருந்தவை ஞாபகத்தில் இல்லை. கையில் வைத்திருந்ததை இப்போதுதான் பார்த்தோமே என்று டேப் ரெக்கார்டரையும் தொட்டியையும் கேட்டார்கள். "பாத்துட்டுச் சொன்னது செல்லாது" என்றுவிட்டாள். மூன்று நாள் முயன்றும் இருவரும் சேர்ந்து சரியாகச் சொன்னது ஏழே ஏழு. நெருப்புச் சுட்ட தழும்புள்ள கிரிக்கெட் மட்டை, ஆணியால் பெயர் கீறிய சாப்பாட்டு டப்பா, இப்படி. மீதி அத்தனையும் வீட்டு முன்புறத்தில் குவிந்தது. முப்பத்தொன்றாம் தேதி மதியம் கீழறையின் தரை தெரிந்தது. தரை நீல நிறம் என்பதே மூவருக்கும் மறந்துபோயிருந்தது.

நான்கு மணிக்குப் பழைய சாமான்காரரின் வண்டி வரவேண்டும். அதற்குப் பிறகு கட்டில் வந்து இறங்கும். ரசீதக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஐந்து நாட்களில் முதல் முறையாகச் சிரித்தாள்.

அப்போதுதான் தங்கை கேட்டாள். "அக்கா, அப்பாவைக் கேக்க வேணாமா? அவரோட பொருளும் இருக்கே."

நியாயம்தானே? ரசீதக்காவால் நியாயத்தைத் தாண்டிப் போக முடியாது. தொலைபேசியில் அப்பாவை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, விவரம் சொன்னாள். எண்பத்து மூன்று வயதில் என்ன ஞாபகம் இருக்கப்போகிறது, ஒரு ரேடியோ, ஒரு ஸ்பேனர் பெட்டி என்று நாலைந்து சொல்வார் என்று நினைத்தாள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "எழுதிக்கோம்மா. கதவுக்கு வலப்பக்கம் தையல் மெஷின், மிதி கழன்றது. அதுமேல அட்டைப்பெட்டி, தேதி காலண்டர் பதினொண்ணு. பக்கத்துல டேப் ரெக்கார்டர், மூடி இல்லை. குளிக்கிற தொட்டி, அடியில வாத்துப் படம். ஷூ ஒண்ணு, இடது கால், குதியில ஓட்டை…"

நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். தொழிற்சாலையில் எந்த அடுக்கில் எந்த ஆணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன மனிதர் அல்லவா! தம்பி முன்புறத்துக்கு ஓடி ஓடிச் சரிபார்த்தான். ஒன்றுகூடத் தப்பில்லை. வாத்துப் படம்கூட இருந்தது. முதலில் சிரித்தவர்கள், இருபதாவது பொருளில் சிரிப்பை நிறுத்தினார்கள். முக்கால் மணி நேரத்தில் நோட்டில் ஏழு பக்கம் நிறைந்துவிட்டது.

"எல்லாம் என்னோடது" என்றார் அப்பா. "ஒண்ணையும் வெளிய போடாதீங்க. பழையபடி உள்ள வெச்சுப் பூட்டுங்க. நான் அந்த இல்லத்துலயே இருந்துக்கறேன்."

தொடர்பு துண்டிக்கப்பட்டது.

தங்கை படியில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். "நம்மள விட அந்தக் குப்பை பெருசாப் போச்சாக்கா அவருக்கு?"

 ரசீதக்கா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் போட்ட சட்டம், அவள் கழுத்தையே பிடித்திருந்தது. கடிகாரத்தில் மூன்றே கால்.

ஆனால் அந்த ஏழு பக்கத்தில் ஏதோ இடித்தது. இருபத்தொன்பது வருடங்களாக எத்தனை பேர் அவள் முன்னால் நின்று பொருள் கேட்டிருக்கிறார்கள்! உண்மையான சொந்தக்காரர் இப்படிக் கேட்கமாட்டார். தடுமாறுவார். நடுவில் ஒரு கதை சொல்வார். "நனையாம இருக்கா? உடையலியே?" என்று பதறுவார். அப்பா எதைப் பற்றியும் பதறவில்லை. அம்மாவின் தையல் மெஷினைக்கூட 'மிதி கழன்றது' என்பதோடு விட்டுவிட்டார். கணக்கெடுப்பு ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார். அறை நிரம்பியிருக்க வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஏன்?

அவள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். "டேய். அந்த ஃபாரத்தை வாங்கிட்டு வரச் சொன்னது யாரு?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் கண் கலங்கியது. "அப்பாதான்க்கா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். 'அம்மாவைப் பாத்துப் பாத்தே அவ வாழ்க்கை போச்சு. இனி என்னையும் தூக்கிச் சுமக்கணுமா? இதையாவது அவளுக்குச் செஞ்சுட்டுப் போறேன்டா'ன்னார். நான் என்ன பண்ணட்டும்?"

 ரசீதக்கா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் அப்பாவை அழைத்தாள்.

"வணக்கம் சார். தவறவிட்ட பொருட்கள் பிரிவிலேர்ந்து பேசறோம்."

"என்னம்மா இது விளையாட்டு?"

"ஃபோன்ல பொருள் கேட்டா பதிவு பண்ண மாட்டோம் சார். உரிமை கோர்றவங்க நேர்ல வரணும். கையெழுத்துப் போடணும்."

"நான் எப்படிம்மா வர முடியும்?"

"ஆம்புலன்ஸ்ல வரலாம். ரெண்டாம் தேதி காலைல பத்து மணி. அதுவரைக்கும் பொருள் எல்லாம் தார்ப்பாய் போட்டு வாசல்லயே இருக்கும். வரலன்னா நாங்க பொறுப்பில்ல."

 "உன் முதுகு?" என்றார் அப்பா. 

"என் முதுகைக் கேட்டு இதுவரைக்கும் யாரும் வரல. அது என்கிட்டயே இருக்கட்டும்." அதுவரை கெட்டியாகப் பிடித்துவைத்திருந்த கவுன்ட்டர் குரல் அதோடு அவளைக் கைவிட்டது. "அப்பா… நான் வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறந்தா, உள்ளேர்ந்து 'யாரு'ன்னு ஒரு குரல் கேக்கும். வேற யாரு வரப்போறாங்க, தெரிஞ்சேதான் கேப்பீங்க. ஒன்றரை மாசமா அந்தக் குரல் இல்லப்பா. அதைத் தேடி நான் எந்தக் கவுன்ட்டருக்குப் போறது?"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி எதிர்ச்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"தார்ப்பாய்ல ஓட்டை இருக்கான்னு பாத்துப் போடு" என்றார் அப்பா.

தம்பி அடுத்த நிமிடமே இல்லத்துக்குத் தொலைபேசியில், இடம் வேண்டாம் என்று சொன்னான்; பழைய சாமான்காரரிடமும் இன்றைக்கு வரவேண்டாம் என்றான். படிவத்தைக் கிழித்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு செவிலியை ஏற்பாடு செய்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தான் வந்து நிற்பதாகவும், தவறினால் தங்கை வருவதாகவும் நோட்டில் எழுதி, கேட்காமலே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இரண்டாம் தேதி பத்து மணிக்கு அப்பா வந்தார். ஆம்புலன்ஸிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றி, குவியலின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தம்பி தார்ப்பாயை இழுத்தான். அப்பா நீண்ட நேரம் பார்த்தார்.

"இவ்வளவு குப்பையையா நான் கேட்டேன்?"

"ஏழு பக்கம் கேட்டீங்க. ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து வேணும்" என்று நோட்டை நீட்டினாள் ரசீதக்கா.

"அந்தத் தையல் மெஷின் மட்டும் இருக்கட்டும்மா. மழையில நனையலியே? மிதியை மாட்டிட்டா ஓடும். மத்ததுக்கெல்லாம் ஒரே கையெழுத்தாப் போட்டுத் தர்றேன். அந்தச் சாமான்காரரை வரச் சொல்லு."

"தொட்டி?" என்றாள் தங்கை மெல்ல.

"வாத்தைப் பாத்துக்கிட்டேல்ல? போதும், விடு."

ஆம்புலன்ஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "பெரியவரே, அடுத்த ட்ரிப் இருக்கு. உள்ள படுக்க வெச்சுட்டுக் கிளம்பறோம்."

"இருப்பா, இங்க ஸ்டாக் எடுத்துட்டிருக்கோம்" என்று அதட்டினார் அப்பா. ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதமாக யாரும் கேட்டிராத அதட்டல் அது.

உள்ளே போனதும் வேலை வாங்கத் தொடங்கினார். கட்டில் சுவரோரமாக இருக்கக் கூடாது, ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, திருப்புங்கள் என்றார். திருப்பினார்கள். இப்போது தெரு தெரியவில்லை என்றார். மறுபடியும் திருப்பினார்கள். நான்காவது முறையில் தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, அந்த இல்லத்து நம்பர் இன்னும் என்கிட்ட இருக்கு" என்றான். எல்லோரையும்விட அப்பாதான் பலமாகச் சிரித்தார்.

ரசீதக்கா அன்று மதியம் வேலைக்குப் போயிருக்க வேண்டும். கைப்பையை எடுத்தவள், வைத்துவிட்டு அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து அரை நாள் விடுப்புச் சொன்னாள். முன்கூட்டியே எழுதிக் கொடுக்காமல் அவள் விடுப்புச் சொல்லிப் பழக்கமில்லாத மேலதிகாரி பதறிப்போய், "என்னாச்சும்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நல்லா இருக்கேன் சார்" என்றாள் ரசீதக்கா. "வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க."