கம்பெனிக் காற்றும் பங்காக் கயிறும்

காற்று வரவில்லை என்று கம்பெனிக்கு மனு எழுதுகிற ஊரில் நான் குடியிருக்கிறேன் என்றால், பாளையங்கோட்டையில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இந்தப் பங்குனியில் மட்டும் மூன்று மனு எழுதிவிட்டேன். 'மேன்மை தங்கிய ஐயா, எங்கள் வீட்டில் பகல் பன்னிரண்டு மணி முதல் காற்று இல்லை, தயைகூர்ந்து ஆவன செய்யவேண்டும்.' ரங்கூனில் இப்போது மச்சு வீடுகளில் மின்சார விசிறி மாட்டி வாடகைக்கு விடுகிறார்கள். வெயில் எப்போது உச்சிக்கு ஏறுகிறதோ, சொல்லிவைத்தாற்போல் அப்போது மின்சாரம் போய்விடும். உடனே தெரு முழுக்க ஆட்கள் வராந்தாவுக்கு வந்து, அடுத்த வீட்டு விசிறியும் நின்றுவிட்டதா என்று எட்டிப் பார்ப்பார்கள். நின்றிருந்தால் ஒரு திருப்தியோடு உள்ளே போவார்கள். எனக்கு அந்தத் திருப்தியும் கிடைப்பதில்லை.

எங்கள் மகளுக்கு எட்டு மாதம். உடம்பெல்லாம் வேனற்கட்டி. முதுகில் உடைந்து புண்ணாகி, கிடத்தினால் அழுகை, தூக்கினால் அதைவிட அழுகை. வியர்வை தங்கக்கூடாது, ஓயாமல் காற்றுப் படவேண்டும், இல்லாவிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். விசிறி சுற்றுகிற நேரம் தூங்குவாள். நின்ற மறுநிமிஷம் வீறிடுவாள். என் மனைவி ஞானம் உடன்குடியிலிருந்து கொண்டுவந்த பனையோலை விசிறியால் வீசி வீசி மணிக்கட்டு வீங்கிப்போனாள். விளக்கு அணைந்தால் லாந்தர் ஏற்றிக்கொள்ளலாம். காற்று அணைந்தால் எதை ஏற்றுவது?

ஏலக்கடையில் அதற்கும் ஒன்று வைத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் விசிறி. அடியில் ஒரு விளக்கு எரியும், அந்தச் சூட்டில் மேலே இறக்கைகள் சுற்றும். அறை வேகாமல் இருக்க அறைக்குள்ளேயே அடுப்பு மூட்டுகிற யோசனை எந்த மகாராஜனுக்குத் தோன்றியதோ! வாங்கி வந்தேன், நானும் ஒரு மகாராஜன்தானே. சுற்றத்தான் செய்தது. அரைமணி நேரத்தில் அறை கொல்லன் பட்டறை மாதிரி ஆகிவிட்டது. குழந்தை புகைக்கு இருமியது. அடுத்தபடி பாட்டரி. கண்ணாடி ஜாடிகளில் திராவகம் ஊற்றி வைத்திருந்தார்கள். மின்சாரம் தீர்ந்துபோனால் எங்கே நிரப்புவது என்று கேட்டேன். கடைக்காரன் எனக்கு மின்சாரம் தருகிற அதே கம்பெனியின் பெயரைச் சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு ஜாடியைத் தூக்கித் தரையில் போட்டிருப்பேன்.

கீழ்வீட்டில் காயல்பட்டினத்து அண்ணாச்சி ஒருவர் துணி வியாபாரம் செய்கிறார். படியேறி வந்து மச்சை அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, இங்கன பழைய பங்கா மாட்டுன கொக்கி அப்படியே கிடக்கு. செவத்துல கயிறு போற ஓட்டையும் இருக்கு. பரண்ல பலகையும் கிடக்கும், பாரும். நம்ம ஸ்ரீவைகுண்டத்து ஆளு ஒருத்தன் வேலை இல்லாம அலையுதான். கூட்டிட்டு வாரேன், வெளிய உக்காந்து இழுக்கட்டும். மின்சாரம் போனா என்ன, வந்தா என்ன வே?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"ஏன் வே?"

"வேண்டாம்னா வேண்டாம்."

நல்லது சொல்ல வந்த மனுஷர் முகம் வாடிக் கீழே இறங்கிப் போனார். ஞானம் என்னை ஒன்றும் புரியாமல் பார்த்தாள். அவள் வேதக்கோயில் உபதேசியார் மகள். பெண் பேச வந்தபோது, என் அப்பா கச்சேரி உத்தியோகம் பார்த்தவர் என்று சொல்லித்தான் முடித்தார்கள். அது பொய்யில்லை. பாளையங்கோட்டை ஜட்ஜு கச்சேரியில், மச்சில் தொங்குகிற துணி விசிறியான பங்காவை என் அப்பா இருபது வருஷம் கயிற்றால் இழுத்தார். உள்ளே ஜட்ஜு துரையும் வக்கீல்மாரும் இருக்க, அப்பா சுவருக்கு இந்தப் பக்கம் வெயில் விழுகிற நடையில் கயிற்றோடு உட்கார்ந்திருப்பார். ஆடிமாதம் நம்மூரில் மேல்காற்று ஆளைத் தள்ளுமே, அப்போதாவது ஓய்வு கிடைக்குமா என்றால் அதுவும் இல்லை. காகிதம் பறக்கிறது என்று ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, புழுங்குகிறது, பங்காவை இழு என்பார்கள். வேலை விட்டு வரும்போது ஆற்றில் இறங்கி, இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டபடி வெகுநேரம் நிற்பார்.

நான் சனிக்கிழமைகளில் அவருக்குச் சோறு கொண்டுபோவேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கயிறு என் கைக்கு வரும். "பைய இழுலே. விடும்போதும் பைய விடு. வெடுக்குனு விட்டா தொரை முழிச்சுக்கிடுவாரு" என்பார். இங்கிலீஷ் படித்து, கப்பலேறி, அரிசி ஆலை ஆபீசில் கிளார்க்காகி, மின்சார விசிறி உள்ள வீடாகப் பார்த்துப் பிடித்தேனே, அது வெயிலுக்காக மட்டும் இல்லை. வெளியே ஒரு மனுஷன் வெந்துகொண்டிருக்க, நான் உள்ளே காற்று வாங்கிப் படுக்கமாட்டேன். இந்த வீறாப்பை எட்டு மாதக் குழந்தைக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

போன சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து வந்தபோது விசிறி நின்றிருந்தது. மின்சாரம் முந்தின நாளிலிருந்தே வரவில்லை. குழந்தை அழுது அழுது சத்தமே எழும்பாமல் வாயை மட்டும் திறந்து மூடினாள். ஞானம் வீங்கிய கையோடு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். நான் கோட்டையும் சட்டையையும் கழற்றிப் போட்டேன். கைலிக்கு மாறி, அதை மடித்துக் கட்டிப் பரணில் ஏறினேன். பலகை இருந்தது. கொக்கியில் மாட்டி, வேட்டி ஒன்றைக் கிழித்துத் தொங்கவிட்டு, கயிற்றை ஓட்டை வழியாக வெளியே விட்டு, நடையில் போய் உட்கார்ந்து இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் கைக்குப் பழைய தாளம் வந்துவிட்டது.

ஞானம் வாசலில் வந்து நின்றாள். "இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"எங்கப்பாட்ட. கச்சேரில அவருக்கு இதான் வேலை."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா. பிள்ளை இத்தன நாளா கெடந்து துடிச்சிருக்கு" என்றாள். அப்பா செய்த வேலைக்காக அவள் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

குழந்தையின் முனகல் நின்றது. தாயும் பிள்ளையும் தூங்கிவிட்டார்கள் என்று அந்த அமைதியிலிருந்தே தெரிந்தது. அப்போதுதான் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பர்மியப் பையன்மார் கட்டுகிற பட்டுத் தலைப்பாகையும் கையில் காகிதக் கட்டுமாக ஒரு கம்பெனி உத்தியோகஸ்தர். கட்டின் மேலே இருந்தது என் மனு, என் கையெழுத்து. மூன்று வாரம் நான் வழிமேல் விழிவைத்துக் காத்திருந்த ஆள். ரங்கூனில் யாரும் யாரோடும் பேசுகிற அரைகுறை இந்துஸ்தானியில் கேட்டார்.

"பாபு இருக்காரா?"

ஆபீஸ் கிளார்க்கை இங்கே பாபு என்பார்கள். நான்தான் அந்தப் பாபு என்றால் எழுந்திருக்க வேண்டும், மீட்டரைக் காட்ட வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். கயிறு நின்றுவிடும்.

"இல்லை" என்றேன்.

"எப்போ வருவார்?"

"தெரியாது."

அவருக்கு அலுப்பு. மனுவின் ஓரத்தில் 'வீட்டில் ஆள் இல்லை' என்று இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். எனக்குப் படிக்கத் தெரியாதென்று நினைத்து மறைக்கக்கூட இல்லை. இனி அடுத்த மாதம்தான் என்றார். பிறகு கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ எந்த ஊர்?"

"திருநெல்வேலி."

"உன் பாபு?"

"அவரும் திருநெல்வேலிதான்."

"பாபுதான் வீட்டில் இல்லையே, யாருக்காக இழுக்கிறாய்?"

"உள்ளே குழந்தை தூங்குது."

"யார் குழந்தை?"

கை பைய இழுத்தது, பைய விட்டது.

"பாபுவோட குழந்தை" என்றேன்.