கேரியரில் ஏறிய மோட்டார்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனால் என் பட்டறையில் எரிந்த கம்பியைக் கழற்றிப் புதுச் செம்புக்கம்பி சுற்றி, காயில் கட்டிப்போன மோட்டார் எதுவும் சொன்ன காலத்துக்கு முன்னால் திரும்பி வந்ததில்லை. இதைச் சொன்னால் என் மகள், "ஆரம்பிச்சுட்டீங்களாப்பா" என்பாள். உள்ளதைச் சொல்வதற்கு என்ன வெட்கம்?

மாப்பிள்ளைக்குச் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை. லீவு கிடைத்தால் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். அதற்குள் ஒரு குடித்தனமே நடத்தலாம். பெட்டி மாதிரி ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், மடக்கு அடுப்பு, மடக்கு நாற்காலி, சக்கரம் புதைந்தால் அடியில் வைக்கப் பிளாஸ்டிக் பலகை, வழி காட்ட ஒரு பெரிய திரை, அது கெட்டுப்போனால் காட்ட இன்னொரு சின்னத் திரை. மேலே இருக்கிற இரும்புக் கேரியர் மட்டும் நானே என் கையால் வெல்டு வைத்தது.

பர்கூர் மலையில் என் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் மாடு வளர்க்கிறார். அவருடைய ஆழ்குழாய்க் கிணற்றுப் போர் மோட்டார் எரிந்து என்னிடம் வந்திருந்தது. அது திரும்பி வரும்வரைக்கும் மாடுகளுக்குப் பள்ளத்தில் ஊறும் கலங்கல் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதுவும் வற்றப் போகிறது, சினை மாடுகள் தவிக்கின்றன என்று தினமும் போன். காயில் கட்டி முடித்தேன். அந்த நேரம் பார்த்து வழக்கமான டெம்போக்காரர் கையை விரித்துவிட்டார். "நாங்க அந்தப் பக்கந்தானே போறோம், மாமாவும் வரட்டும்" என்று மாப்பிள்ளை என் மகளிடம் சொல்லிவிட்டார்.

மகளிடம் ஏன் சொல்ல வேண்டும்? எங்கள் வீட்டில் அப்படித்தான். மாமனாரும் மாப்பிள்ளையும் முகத்துக்கு நேரே இதைச் செய், அதைச் செய்யாதே என்று பேசிக்கொள்வது மரியாதை இல்லை. எல்லாம் மகள் வழியாகப் போய் மகள் வழியாகத் திரும்பும்.

மோட்டார் ஏற்றும்போதே தொடங்கியது. நான் மகளிடம் சொன்னேன்: "அம்மணி, மோட்டாரு உள்ள கீழ படுக்கோணும்னு சொல்லு."

"ஏனுங்க, மோட்டாரு உள்ள வெக்கோணுமாமா."

"உள்ள எடமில்லைன்னு சொல்லு. ஃப்ரிட்ஜை நவுத்த முடியாது."

"எடமில்லையாமாப்பா."

மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்கிறோம்! மோட்டார் கேரியருக்கு ஏறியது. கனம் மேலே, காலி டப்பா கீழே.

மரியாதைக்காக என்னை முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். மலை வளைவுகளில் மகளுக்குத் தலை சுற்றியது. மாத்திரையை விழுங்கிவிட்டுப் பின் சீட்டில் தூங்கிப்போனாள். அதன்பிறகுதான் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் தார் ரோடு. நான் போய் வந்த வழி அதுதான். திரை வலது பக்கம் ஒரு மண் தடத்தைக் காட்டியது, அதுதான் குறுக்கு வழியாம்.

மாப்பிள்ளை வண்டியை நிறுத்தினார். இருமினார். நானும் இருமினேன். பின்னால் குறட்டைச் சத்தம்.

"மாமா, ரைட்ல போலாமுங்களா?"

முதல்முறையாக நேராகக் கேட்கிறார். அவர் வாயைத் திறந்ததுமே தடுத்தேன் என்று நாளைக்குச் சம்பந்தி வீட்டில் பேச்சு வரக் கூடாதே. "உங்க சௌகரியமுங்க" என்றேன்.

தடம் கொஞ்ச தூரம்தான் தடமாக இருந்தது. பிறகு மழைத்தண்ணீர் அறுத்துப்போட்டிருந்தது. வலது சக்கரங்கள் அறுப்பில் இறங்க, வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. மேலிருந்த மோட்டார் தன் பங்குக்கு இழுத்தது. கயிறு முறுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. உருண்டால் நாங்களும் போவோம், அந்த மாடுகளின் தண்ணீரும் போகும். அவரோ திரையைப் பார்த்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்.

"டேய், நிறுத்துடா!"

நின்றது. மகள் எழுந்து உட்கார்ந்தாள். "அப்பா! ஆரை டா போட்டீங்க?"

"வண்டியச் சொன்னேன், கண்ணு."

"வண்டிக்குக் காது கேக்குதாக்கும்!"

இனி என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? நேராகவே பேசினேன். "மாப்ள, என் பக்கமா எறங்குங்க. சக்கரத்துக்குக் கல்லக் கொடுங்க. மொதல்ல மோட்டார எறக்கோணும்."

"சரிங்க மாமா" என்றார். அவ்வளவுதான்! இதற்கா காலையிலிருந்து இந்தப் பாடு?

மோட்டாரை மேட்டுப் பக்கமாகச் சரித்து இறக்கினோம். அந்தப் பிளாஸ்டிக் பலகையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து வண்டியைப் பின்னால் எடுத்தார். பலகை உதவியது, இல்லையென்று சொல்லவில்லை. ஒரு மரக்கட்டை கிடைத்திருந்தால் அதுவும் உதவியிருக்கும். என் கேரியரில் ஒரு வெல்டுகூட விட்டுப்போகவில்லை, அதையும் யாராவது கவனிக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் மகள் மடிக்குப் போனது, மோட்டார் அதன் இடத்தில் படுத்தது. தார் ரோட்டு வழியாகவே வாடிக்கைக்காரர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஊர் ஆட்கள் கூடி மோட்டாரைப் போருக்குள் இறக்கினார்கள். சுவிட்சைப் போட்டதும் குழாய் செருமியது, சேறாகக் கக்கியது, பிறகு தெளிந்த தண்ணீர் பாய்ந்தது. மாடுகள் தொட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு குடித்தன. வாடிக்கைக்காரர் ஒரு சொம்பு நிறையப் பிடித்தார். நேராக மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

"இந்த மலையில வண்டிய ஓட்டிக் கொண்டாந்து எங்க மாட்டைக் காப்பாத்திப்போட்டீங்க, மாப்பிள்ளைங்க!"

கட்டிலை இழுத்துப் போட்டு அவரை உட்காரவும் வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, மோட்டாருக்குக் காயில் கட்டுனது ஆருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டீங்களா?"

"அது நீங்கதானுங்களே. தெரியாததுங்களா?"

தெரிந்ததை ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் என்ன குறைந்தா போகும்?