பாரிவாக்கத்தில் விட்டு வந்த பிள்ளை

எங்களுக்கு இரண்டாவது பெண் பிறந்த சமயத்தை நினைத்தால் எனக்கு ஆஸ்பத்திரி நினைவுக்கு வருவதில்லை. அம்பத்தூரிலிருந்து ஆவடி போய், அங்கிருந்து பூந்தமல்லி ரோட்டில் பாரிவாக்கம் வரைக்கும் மொபெட்டில் போய்வந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் நினைவுக்கு வருகின்றன. போகும்போது பின்சீட் காலியாக இருக்கும். வரும்போதும் காலியாகவே இருக்கும். பெரியவளைக் கூட்டிவரத்தான் போவேன். கூட்டிவராமல் திரும்புவேன்.

பெரியவளுக்கு அப்போது ஆறு வயது. பாரிவாக்கத்தில் என் மனைவியின் அக்கா வீட்டில் இருந்தாள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில், அடுத்தது புருஷன் வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் மனைவிக்குத் தாய் இல்லை. பெரியவள் பிறந்தபோது அக்காதான் தாய் வீடாக நின்று எல்லாம் செய்தார். இரண்டாவது எங்கள் முறை. எங்கள் வீட்டில் என் அம்மாவும் இல்லை, அதனால் அது என் முறை ஆயிற்று. அண்ணன் மனைவி வந்து ஒரு வாரம் இருந்தார். பிறகு தன் வீட்டில் லாரித் தண்ணீர் பிடிக்க ஆள் இல்லை என்று கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் ஒரே அறை, ஃபேனும் ஒன்று. வந்தவர் எங்கே படுப்பார்?

பிரசவத்துக்குச் சேர்க்கச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் பெரியவளைக் கொண்டுபோய் விட்டேன். முழுப் பரீட்சை லீவு. அக்காவுக்கும் சகலைக்கும் பிள்ளை இல்லை. பார்க்காத வைத்தியம் இல்லை, போகாத கோயில் இல்லை. மாங்காட்டு அம்மனுக்குப் பல தடவை வேண்டிக்கொண்டு, கடைசியில் விட்டுவிட்டார்கள். சகலைக்கு அங்கே பூர்வீக நிலம். பெரும்பகுதி மனையாகப் போய்விட்டது. மிச்சம் இருந்ததில் கொஞ்சம் நெல் போடுவார்கள். ஒரு மாடு உண்டு. சகலை ஸ்கூல் வேன் ஓட்டினார்.

"பாப்பா பொறந்ததும் வந்து கூட்டிகினு போறேன்" என்று பெரியவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். நான் கிளம்பும்போது அக்கா ஒரு மூட்டையைக் கொண்டுவந்து மொபெட்டின் முன்பக்கம் வைக்கச் சொன்னார். பழைய அரிசி. "புள்ள பெத்தவளுக்குப் புது அரிசி ஆவாது, இத்தயே வடிச்சிக் குடு" என்றார். சகலை கயிறு போட்டுக் கட்டினார். பெரியவள் கேட் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பெரிய பெண்ணாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுபடியும் பெண். மறுபடியும் ஆபரேஷன். வேலைக்குப் போனதும் பக்கத்து மெஷின்காரர் கேட்டார்.

"இன்னா அண்ணாத்தே, இன்னா குழந்தை?"

"பொண்ணு."

"முன்ன பொறந்தது?"

"அதுவும் பொண்ணு."

"அப்ப நீ ஊட்ல வாயத் தொறக்கவே வேணாம். இப்பவும் எங்க தொறக்குற" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டுவிடுவாரோ என்று அன்றைக்கு இருந்த பயம், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் போகவில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் ஒன்று கேட்க வேண்டும் என்றால் மனசுக்குள்ளேயே கேட்டுப் பார்ப்பேன். அதற்குள் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்.

வீட்டில் சமையல் என் கையில். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பால் ஊற வேண்டும் என்று சுறாப் புட்டு. மனைவி படுத்தபடி சொல்லச் சொல்லச் செய்வேன். ஒரு நாள் சுறாவைத் தோல் எடுக்காமலே உதிர்த்துவிட்டேன். வாயில் வைத்தவள், "இன்னா மாமா இது, உப்புத்தாள வெச்சித் தேச்ச மாரி கீது" என்று சிரித்தாள். சிரித்ததும் தையல் இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். அதன்பிறகு நான் எது செய்தாலும் சிரிப்பு மூட்டாமல் செய்யப் பார்த்தேன்.

சின்னவள் பகலில் தூங்குவாள், ராத்திரி விழித்திருப்பாள். நான் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறவன். தகட்டை வைத்துக் காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கும். அங்கே கண் அசந்தால் விரல் இருக்காது. ஒரு நாள் என் தலை சாய்வதைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பினார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே தூங்கினேன். அந்த நாட்களில் நடுநடுவே ஒரு நினைப்பு வரும். பெரியவள் அங்கே இருப்பது நல்லதுதான், இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று. அந்த நினைப்பு வந்ததும் உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்த மாதிரி இருக்கும். அதை மனைவியிடம் சொன்னதில்லை.

அவள் மட்டும் விடாமல் கேட்பாள். "ஞாயித்துக்கிழம போய்க் கூட்டிகினு வா."

முதல் ஞாயிறு போனேன். சகலையும் என்னைப்போலத்தான், பேச மாட்டார். டிவியைப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

"இன்னா சகல."

"ம்."

"வெயிலு."

"ஆமா."

அதோடு சரி. அக்கா கறிக்குழம்பு ஊற்றினார். பெரியவள் புதுக் கவுன் போட்டுக்கொண்டு, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டேன். கை கழுவினேன். கூட்டிப் போகிறேன் என்று சொல்ல இருந்த நேரத்தில் அக்கா அவளுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அதை எப்படி நிறுத்துவது? திரும்பிவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு அக்காவே ஆரம்பித்தார். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முறைக்குப் பெரியவர், வயதில் என்னைவிடச் சின்னவர். எதுவும் கூப்பிடாமலே காலம் ஓட்டிவந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு பொண்ண வெச்சிகினு அந்த ஒரு ரூம்ல அவ இன்னா பண்ணுவா, பாவம். பெரிசு இங்கியே இருக்கட்டுமே. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள இங்க சேத்துடலாம். உங்க சகல வேன்லயே கூட்டிகினு போய்ட்டு வந்துருவாரு. நாங்க எங்க போறோம், இதோ கீறோம். நீங்க எப்ப வேணா வந்து பாருங்க."

சகலை டிவியையே பார்த்தார். ஆனால் அவர் காது இந்தப் பக்கம் இருந்தது தெரிந்தது.

"பாக்கலாம்" என்றேன்.

அதை வீட்டுக்கு வந்து சொன்னதும் படுத்தபடி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கினாள்.

"பாக்கலாம்னியா?"

"வேற இன்னா சொல்றது."

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கும் இதான் சொன்ன. அதுக்கு சரின்னுதான் எல்லாரும் அர்த்தம் பண்ணாங்க. வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்த? என் அக்காதான், இல்லேங்கல. என்னை வளத்தவ. அதுக்கோசரம் என் புள்ளையத் தூக்கிக் குடுத்துட முடியுமா?"

"நீயே போன்ல சொல்லேன்."

"நான் எப்டிச் சொல்வேன்? பெரியவள மொதல்ல கையில ஏந்தினதே அவதான்." அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தாள். தையல் விடவில்லை. மல்லாந்தபடியே அழுதாள்.

இப்படியே ஸ்கூல் திறக்கிற நாள் நெருங்கியது. அடுத்த ஞாயிறு வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பருத்திப்பட்டு ஏரி தாண்டும்போது நன்றாக வந்தது. பாரிவாக்கம் சிக்னலில் நின்றபோது பாதி மறந்துவிட்டது.

அக்கா சமையலில் இருந்தார். பெரியவள் என் கையைப் பிடித்துப் பின்பக்கம் மாடு கட்டியிருந்த இடத்துக்குக் கூட்டிப் போனாள். மாட்டுக்குத் தண்ணி காட்டத் தனக்குத் தெரியும் என்றாள். தொட்டி பக்கத்தில் தவிட்டு மூட்டை இருந்தது. பாதிதான் இருந்தது. மேல் பாதி மடிந்து கிடந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நைனா, மீதிய நீதான எடுத்துகினு போன?"

"எத்த?"

"இந்தத் தவிடு. என்னை வுட்டுட்டு மூட்டை எடுத்துகினு போனியே, வண்டில வெச்சி."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் குடியிருக்கிற காம்பவுண்டில் வீட்டுக்கார அம்மா எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் விளையாட்டுக்கு இதைத்தான் சொல்வார். 'உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினாங்க.' என்னையும் சின்ன வயதில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். யாரைத்தான் சொல்லவில்லை? மனைவிக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் பெரியவளிடம் அந்த அம்மா பேச்சைக் கொஞ்சம் மாற்றினார். 'புதுப் பாப்பா வந்ததும் உன்னைத் தவிட்டுக்குக் குடுத்துடுவாங்க பாரு.' நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன். அது அப்படியே நடந்துவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள். பாப்பா வரப்போகிறது, அப்பா கொண்டுவந்து விட்டார், மூட்டையை வாங்கிக்கொண்டு போனார், வாராவாரம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். அவள் கணக்கில் ஒன்றும் இடிக்கவில்லை.

"அது அரிசிம்மா. அம்மாவுக்குச் சோறாக்க."

என் முகத்தைப் பார்த்தாள். நம்பவில்லை.

"பரவால்ல நைனா. பெரியம்மா அடிக்கறதில்ல. நான் நல்லாதான் கீறேன்" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னாள்.

எழுந்து உள்ளே வந்தேன். அக்கா கூடத்தில் தட்டு வைத்துக்கொண்டிருந்தார். சகலை டிவி முன்னால் இருந்தார். வழியில் சொல்லிப் பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"புள்ளைய நான் கூட்டிகினு போறேன்" என்றேன்.

பழக்கம் இல்லாததால் குரல் அளவு தெரியாமல் ரொம்பச் சத்தமாக வந்துவிட்டது. சகலை ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"இன்னிக்கேவா?" என்றார் அக்கா.

"இன்னிக்கே. ஸ்கூலும் அங்கியேதான்."

"சாப்டாமயா?"

"சாப்ட்டுட்டு."

அவர் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார். நான் தவிட்டுக் கதையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதைச் சொன்னால் அவர் பிள்ளையை விலைக்கு வாங்கின மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். சாப்பிட்டு முடிந்ததும் அக்கா பெரியவளை முன்னால் உட்கார வைத்துத் தலை பின்னினார். அந்தத் தலையில் இருக்கிற முடிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. பின்னினதை அவிழ்த்து மறுபடி பின்னினார். அவள் திரும்பிப் பார்க்கப் போனபோதெல்லாம் தலையை நேராகப் பிடித்து வைத்தார்.

பையைக் கட்டிக் கொடுக்கும்போதுதான் என்னிடம் பேசினார்.

"நீங்க கேட்டா நான் இன்னா தரமாட்டேன்னா சொல்லப்போறேன்? மொத வாரமே கேட்டிருக்கலாம். நான் இவ்ளோ தூரம் நெனச்சிப் பாத்திருக்க மாட்டேன்."

பையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். சகலை வண்டி வரைக்கும் வந்தார். "பாத்துப் போ சகல" என்றார். அக்கா கேட்டுக்கு வரவில்லை.

வழியில் பெரியவள் என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆவடி தாண்டினதும் பிடி தளர்ந்தது. தூங்கிவிடப் போகிறாள் என்று பயந்து, ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டே மெதுவாக ஓட்டினேன்.

வீட்டுக்குள் வந்ததும் அவள் வாசலோடு நின்றுவிட்டாள். மனைவி எழுந்து வர முடியாமல் படுத்தபடியே கையை நீட்டினாள். "வாடி. எம்மா நாளாச்சு, வாடி." பெரியவள் மெல்லப் போய் அம்மாவின் அந்தப் பக்கம் படுத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் சின்னவள். நடுவில் மனைவி எந்தப் பக்கமும் திரும்ப முடியாமல், ஒரு கை அவள்மேல், ஒரு கை இவள்மேல் போட்டபடி மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து வழிந்தது இரண்டு காதுக்கும் போனது.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவள் எட்டித் தங்கையைப் பார்த்தாள்.

"நைனா, இவளையும் குடுக்க மாட்டீங்களா?"

"யாரையும் குடுக்க மாட்டோம்."

"பெரியம்மா கேட்டா?"

"கேட்டாலும் மாட்டோம்."

யோசித்தாள். "அப்ப பெரியம்மாவுக்கு யாரு?"

அந்நேரம் பாரிவாக்கத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கும், இரண்டு பேரும் அதன் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றியது. சின்னவள் நெளிந்து அழ ஆரம்பித்தாள். துணி நனைந்திருந்தது. கொடியிலிருந்து காய்ந்த துணி எடுத்துவர எழுந்து போனேன்.