மாமாவின் காதைச் சுண்டிய நாள்

எங்கள் மாமாவுக்கு எதையும் சுண்டிவிட்டால்தான் திருப்தி. தேயிலைக் காட்டில் காலில் ஏறிய அட்டையை விரலால் உருட்டி ஒரு சுண்டு, அது எங்கேயோ போய் விழும். சட்டையில் ஒட்டிய புல்விதை, தகரக் கூரை ஓரத்தில் தொங்கும் மழைத்துளி, எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான். வேலை முடிந்து தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டுக்கு வந்ததும், "தேத்தண்ணி குடிச்சிட்டியா பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே என் காதிலும் ஒன்று. சுரீரென்று வலிக்கும். அம்மா தன் தம்பியைத் திட்டுவாள் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

கேரம் பலகையிலும் அந்த விரல்தான் ராஜா. பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கிலிருந்து லோரி ஓட்டி வருகிறவர்கள்கூட ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கொட்டகையில் அவரோடு ஆடக் காத்திருப்பார்கள். என்னிடமும் அவர் ஈவு இரக்கம் பார்த்ததில்லை. "விட்டுக்கொடுத்து ஜெயிச்சா அது ஒரு ஜெயமாடி?" என்பார். நான் ஜெயிக்கிற அன்று அவர் காதை நான் சுண்டலாம், அதற்குப் பிறகு அவர் என் காதைத் தொடக்கூடாது. அதுதான் பந்தயம். அப்போது என் வாழ்க்கை லட்சியமே அந்தக் காதுதான்.

ஒரு வருஷம் அவர் சுண்டினால் வலிக்கவேயில்லை. என் காது மரத்துவிட்டது என்று நினைத்தேன். கொதிக்கிற தேத்தண்ணித் தம்ளரை அவர் வெறுங்கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். அடேயப்பா, எப்பேர்ப்பட்ட வீரர் என்று பள்ளியில் பீற்றிக்கொண்டேன்.

"சூடு தெரியலயாடா உனக்கு? அந்த மெஷினை விட்டுத் தொலை" என்றாள் அம்மா. கொழுந்து வெட்டும் மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் நடப்பது அவர் வேலை. பிடித்த கை அதிர்ந்துகொண்டே இருக்கும்.

"விட்டா கூலியைக் குறைச்சு புல்லு வெட்டத்தான் அனுப்புவாங்க. சும்மா இரு அக்கா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு ஒரே காய் பாக்கி. அதுவும் குழி வாயிலேயே உட்கார்ந்திருந்தது. சுண்டினார். ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் நின்றுவிட்டது.

"மருமகளுக்கு விட்டுக்கொடுக்குறாரு லா!" என்று கொட்டகையே சிரித்தது.

மாமா சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போய், விரலைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் என் கடைசிக் காயைப் போட்டேன்.

"ம், சுண்டு. பந்தயம் பந்தயம்தான்" என்று தலையைக் குனிந்தார். இத்தனை நாள் வாங்கியதற்கெல்லாம் சேர்த்து வைத்து ஒன்று கொடுத்தேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வலிக்குதா மாமா?"

"காதாவது நல்லா வலிக்குதுடி" என்றார், என்னவோ பரிசு கிடைத்தவர் மாதிரி.

மறுநாள் காலையில் அம்மா அவரைத் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக் கிளம்பினாள். என்னால்தான் காது போச்சு! பஸ் நிற்கும் இடம் வரை பின்னாலேயே ஓடினேன்.

"பந்தயம் வேணாம் மாமா. நீங்க என் காதைச் சுண்டுங்க, பரவால்ல."

மாமா விரல்களை விரித்து ஒரு தடவை பார்த்தார். பிறகு சுண்டாமல், உள்ளங்கையால் என் காதைப் பொத்திக்கொண்டார். குளிருக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.