இரண்டு நறுமணப் புட்டிகளும் என் மனைவியின் மூச்சும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஓர் ஐப்பசி மாதம். பாபநாசத்தில் எங்கள் வீட்டில் இளைய மகளுக்குத் தலைத் தீபாவளி. கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்து நான் ஓய்வு பெற்று ஓராண்டு ஆகியிருந்தது. என் மனைவிக்கு இருபது ஆண்டுகளாக மூச்சிரைப்பு நோய். புகை, தூசி, தாளிக்கும் நெடி, ஊதுவத்தி எதுவுமே அவளுக்கு ஆகாது. மழைக்காலத்தில் அவள் படும் பாடு சொல்லி மாளாது.

ஆகவே முன்னேற்பாடாக, தெருவில் வீடுவீடாகச் சென்று, வெடிகளைத் தெருக்கோடியில் வைத்துக் கொளுத்துமாறு வேண்டிக்கொண்டேன். அதுவரை என்னோடு பேசியறியாதவர்கள்கூட முகம் கோணாமல் இசைந்தனர். தீபாவளி நாள் ஓர் இருமலுமின்றிக் கழிந்தது. தெருவையே இணங்கவைத்த எனக்கு, மறுநாள் காலை என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்த இருவரிடம் ஒரு சொல் சொல்ல வாய் வரவில்லை. அதை எண்ணினால் இன்றும் எனக்கு என்மேலேயே எரிச்சல் மூளுகிறது.

அந்த இருவர் என் மருமகன்கள். மூத்தவர் துபாயில் பொறியாளர், விடுப்பில் வந்திருந்தார். இளையவர் சென்னையில் கணினி நிறுவனமொன்றில் பணிபுரிபவர்; அமெரிக்காவுக்குச் சென்று மூன்று மாதம் தங்கித் திரும்பியிருந்தார். இருவரும் ஆளுக்கொரு நறுமணப் புட்டி கொணர்ந்திருந்தனர். மூத்தவருடையது கறுப்புப் புட்டி. இளையவருடையது நீலப் புட்டி. இரண்டுமே அக்காலத்தில் வெளிநாடு சென்று திரும்பும் ஆடவர் பலரின் பெட்டிகளில் தவறாமல் இருந்தவை. எது உயர்ந்தது என்பதில் காலைச் சிற்றுண்டி முடிந்ததிலிருந்து இருவருக்கும் வழக்கு.

வெளியே அடைமழை. சாரல் அடிக்கிறதென்று சன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தோம். மூடிய கூடத்துக்குள் இருவரும் மாறிமாறித் தெளித்துக் காட்டிக்கொண்டிருந்தனர்.

"சகலை, உங்களோடது அரை மணி நேரத்துல ஆவியாப் போயிடும். என்னோடது சட்டைய வெளுத்துப் போட்டாலும் போகாது" என்றார் மூத்தவர்.

"வெளுத்தும் போகலன்னா அதுக்குப் பேரு வாசனை இல்ல சகலை, கறை" என்றார் இளையவர்.

நான் அடுக்களைப் பக்கம் சென்றபோது என் மனைவி சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"ஏங்க, நெஞ்சு லேசா அடைக்குது. ஆனா மாப்பிள்ளைங்ககிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. தலைத் தீபாவளிக்கு வந்தவரு மனசு சங்கடப்படக் கூடாது."

எங்கள் பக்கத்தில் மருமகனிடம் குறை சொல்வதென்பது, கோயில் கருவறைக்குள் செருப்போடு நுழைவது போன்றது. காப்பியில் சர்க்கரை கூடினாலும் அவர் சொல்லலாம், நாம் சொல்லலாகாது. எனவே, நயமாகப் பேச்சை வேறு திசைக்குத் திருப்பிவிடலாம் என்று கருதிக் கூடத்துக்குத் திரும்பினேன். திருப்பப்பட்டவன் நான்தான்.

"மாமாவே வந்துட்டாங்க. மாமா, நீங்க தமிழ் படிச்சவங்க, பூ வாசனை எல்லாம் பாடம் நடத்தினவங்க. நீங்களே சொல்லுங்க" என்று மூத்தவர் என் வலக்கை மணிக்கட்டில் தெளித்தார். இளையவர் இடக்கையில் தெளித்தார். போதாதென்று என் சட்டையிலும் தோள்துண்டின் இரு முனைகளிலும் தெளித்தனர்.

நான் அப்போதாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தேன், சொன்னதுதான் வேறு. நீலம், எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போல் முதலில் சுள்ளென்று எழுந்து, பின் ஆற்றில் முழுகி எழுந்தவன்மேல் வீசும் குளிர்மணமாகத் தணிகிறது என்றேன். கறுப்பு, ஏலமும் கிராம்பும் இட்டு மூடிய சந்தனப் பேழையைத் திறந்தாற்போல் மெல்லத் தொடங்கி, நேரம் ஆக ஆக ஆழ்ந்து, புகையிலைக் காட்டம் போல் நின்றுவிடுகிறது என்றேன். முன்னது விருந்தினன், பின்னது குடியிருப்பவன் என்றேன். இருவரும் வியந்தனர். ஓய்வு பெற்றபின் எனக்குக் கிடைத்த முதல் வகுப்பறை அது. விடுவேனா? மலர் அரும்பும்போது ஒரு மணம், விரியும்போது ஒரு மணம், வாடும்போது ஒரு மணம் என்று அரை மணி நேரம் விரித்துரைத்தேன். இடையில் அடுக்களையிலிருந்து இருமல் கேட்டது. இளைய மகள் வாயிலில் நின்று கண்ணால் ஏதோ குறிப்புக் காட்டினாள். "இதோ வரேம்மா" என்று கையமர்த்திவிட்டு இன்னோர் உவமையைத் தேடினேன்.

உவமை கிடைப்பதற்குள் மகள் அலறினாள். என் மனைவி அடுக்களைத் தரையில் இரு கைகளையும் ஊன்றி அமர்ந்து, மூச்சை உள்ளே இழுக்கவும் முடியாமல் வெளியே விடவும் முடியாமல் தவித்தாள். உறிஞ்சும் மருந்தை இருமுறை கொடுத்தும் பயனில்லை. பக்கத்துத் தெரு வாடகை மகிழுந்து வந்தது. மூத்த மகள் கைக்குழந்தையோடு வீட்டில் தங்க, மருமகன்கள் இருவரும் "நாங்க இல்லாம எப்படி?" என்று முண்டியடித்து ஏறினர். பின்னிருக்கையில் மனைவி, இளைய மகள், மூத்தவர். முன்னே ஓட்டுநரோடு நானும் இளையவரும். மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். வீட்டில் என்ன பிழை செய்தோமோ, அதையே இன்னும் சிறிய பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு தஞ்சாவூர் மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். கற்றவர் மூவர் இருந்தோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அய்யம்பேட்டையை நெருங்கும்போது மகள், "அப்பா, அம்மா உதடு நீலமாவுது" என்றாள்.

ஓட்டுநர் சாலையோரம் வண்டியை நிறுத்தினார். இருபுறமும் சம்பா நடவு மூழ்கிக் கிடந்த வயல்கள். ஒதுங்க ஒரு மரமில்லை. அவர் குவைத்தில் ஏழாண்டு வண்டி ஓட்டித் திரும்பிய இசுலாமியர். எனக்கு முன்பின் பழக்கமில்லாதவர். குரலை உயர்த்தவில்லை.

"தம்பிங்களா, நீங்க ரெண்டு பேரும் இறங்கிக்குங்க. பின்னாடி பஸ் வரும்."

"ஏன், என்னாச்சு?" என்றார் மூத்தவர்.

"உங்க சென்ட்டுதான் அந்தம்மாவ நெரிக்குது. வண்டி ஓட்டுற எனக்கே தல சுத்துது. நானும் அங்க இருந்தவன்தான், இதோட வீரியம் எனக்குத் தெரியும். இறங்குங்க."

பிறகு என்னை நோக்கினார். "ஐயா, நீங்க சட்டையும் துண்டையும் கழட்டி அவங்ககிட்ட குடுத்துருங்க."

மறுபேச்சின்றிக் கழற்றினேன். கொட்டும் மழையில் என் மருமகன்கள் இருவரும் என் சட்டையையும் துண்டையும் பிடித்தபடி நெடுஞ்சாலையில் நின்றனர். கண்ணாடிகளை முழுதும் இறக்கிவிட்டு ஓட்டுநர் விரைந்தார். நான் பனியனோடு, மணிக்கட்டுகள் இரண்டையும் சன்னலுக்கு வெளியே மழையில் நீட்டியவாறே தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் பின்னாலிருந்து வந்த அவளுடைய மூச்சொலியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஊசி போட்டு, உயிர்வளி வைத்தபின் பிற்பகலில் அவளுக்கு மூச்சு சீரானது. இன்னும் கால் மணி நேரம் தாழ்ந்திருந்தால் கையை மீறியிருக்கும் என்றார் மருத்துவர். ஓட்டுநர் அதுவரை வெளியே காத்திருந்து, செய்தி கேட்டபின்பே கிளம்பினார்.

மாலையில் மருமகன்கள் வந்தனர். இருவரும் வீடு திரும்பித் தலைமுழுகி, தங்கள் உடையெல்லாம் மணக்குமென்று அஞ்சி என் பழைய வேட்டிகளைக் கட்டிக்கொண்டு பேருந்தில் வந்திருந்தனர். நடுச்சாலையில் இறக்கிவிட்டதற்கு மனம் நொந்திருப்பார்களே என்று, அந்நிலையிலும் நான் அதைத்தான் எண்ணினேன். நொந்துதான் இருந்தார்கள். காரணம் வேறு.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா" என்றார் மூத்தவர். "அத்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா நாங்க ரெண்டு பேரும் காலம் பூரா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இந்த வீட்டுக்கு வர்றது?"

இளையவர் தம் கைகளை முகர்ந்து பார்த்துவிட்டு, கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார்.

அவர்கள் அகன்றபின் மனைவியிடம் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "நீதானே சொல்லக் கூடாதுன்னே?"

அவள் உயிர்வளி முகமூடியைச் சற்றே விலக்கினாள். "நான் அப்படித்தான் சொல்லுவேன். அதுக்காக நீங்க சொல்லாமலே இருந்துடுவீங்களா? இப்ப சொல்லுவீங்க, இப்ப சொல்லுவீங்கன்னு அடுக்களையில காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க என்னடான்னா ஏலக்காய், கிராம்புன்னு பாடம் நடத்திக்கிட்டிருக்கீங்க."

அவளைக் குற்றம் சொல்லலாம், வழக்கத்தைக் குற்றம் சொல்லலாம், மழையைக்கூடச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அந்த அரை மணி நேரம் என் கணக்கில்தான் நிற்கிறது.

இப்போதெல்லாம் வீட்டுக்கு யார் வந்தாலும், "உள்ளே ஒருவருக்கு மூச்சிரைப்பு உண்டு, மணம் பூசியிருந்தால் பொறுத்துக்கொண்டு வெளியிலேயே அமருங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் வருபவர் சம்பந்தி வீட்டாராக இருந்துவிட்டால் என் நா இன்றும் ஒரு கணம் தயங்குகிறது, அந்த ஒரு கணத்தை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.