வராத ஊசிக்குக் கணக்குப் போட்டவள்

கைக்குழந்தைகளின் நெஞ்சைப் பிடிக்கும் வைரஸ் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு எப்படிப் போகிறது, தடுப்பூசி போட்டால் எங்கே நிற்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வதற்கும் ஓர் உத்தியோகம் உண்டு. இரண்டாயிரங்களின் நடுவில் புனேயில் நான் பார்த்தது அதைத்தான். கோயம்புத்தூரில் புள்ளியியல் படித்துவிட்டு, புனேயின் கராடியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் கணவரோடு வந்தவள் நான். எங்கள் குழுவுக்குத் தலைவர் குழந்தை மருத்துவர் தேஷ்பாண்டே மேடம். வீடுகளுக்கு என்னோடு வருபவர் நர்ஸ் சுனிதா. பிள்ளை இருமும்போது தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எல்லோரும் எனக்குக் கூட்டாளிகள்தான். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

குச்சி

எங்கள் கணக்குக்கு வேண்டியது குழந்தைகளின் மூக்குச் சளி. மழைக்காலம் முழுக்க வாராவாரம் வீடு வீடாகப் போய், பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியால் அதை எடுக்க வேண்டும். ரயில் பாதையை ஒட்டிய கோர்படி பகுதியில் ரஹ்மத்தின் வீடும் அதில் ஒன்று. திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரி. கணவர் காஜாவுக்கு கேம்ப் பகுதியில் பெட்டி, பை விற்கும் கடை. மூத்தவன் இர்ஃபான் பள்ளிக்கூடம் போகிறான். இளையவன் யூசுஃப் பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வாசலில் ஒருத்தி தமிழ் பேசுகிறாள் என்பதற்காகவே எங்களை உள்ளே விட்டாள்.

குச்சியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. இந்த வைரஸுக்குத் தடுப்பூசி வந்தால் கர்ப்பிணிக்குப் போடுவதா, குழந்தைக்கா, பள்ளிக்கூடம் போகும் அண்ணனுக்கா என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்கிறோம் என்றேன். ஊசி எங்கே என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவள் யூசுஃபை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "வராத ஊசிக்கு எம்புள்ள மூக்க ஏன்க்கா நோண்டுதீங்க?"

தூக்கினது யார்

காஜா எடுத்துச் சொன்ன பிறகு ரஹ்மத் ஒருவழியாகச் சம்மதித்தாள். அடுத்த கேள்வி, நேற்று குழந்தையை யார் யார் தூக்கினார்கள் என்பது. எங்கள் கணக்கே அதன்மேல்தான் நிற்கிறது. "நான் மட்டும்தான்" என்றாள். அதைச் சொல்லும்போது யூசுஃப் பக்கத்து வீட்டு மராட்டிப் பெண்ணின் மடியில் இருந்தான். ரஹ்மத் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் இர்ஃபானின் கைக்குப் போயிருந்தான். இர்ஃபான் தும்மினான், புறங்கையால் மூக்கைத் துடைத்தான், அதே கையால் தம்பியின் கன்னத்தைக் கிள்ளினான்.

சுனிதா என்னைப் பார்த்தார். தூக்காதீர்கள் என்று கண்டித்தால் அடுத்த வாரம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் வரவும் மனசு கேட்கவில்லை. கை கழுவிவிட்டுத் தொடச் சொல்லுங்கள் என்றேன். இப்போதுகூட இரண்டு பேர் தூக்கினார்களே என்றும் கேட்டேன். ரஹ்மத் சிரிக்காமல் பதில் சொன்னாள்: "அது தூக்கினது இல்லக்கா, சும்மா வாங்கி வச்சிருந்தாங்க."

ரயில்வே கேட்

ஆகஸ்ட் மாதம், விடாத மழை. அந்த வாரம் நாங்கள் போனபோது யூசுஃப் அழவில்லை. குச்சியைக் கண்டாலே வீட்டை இரண்டாக்குபவன் அவன். ஜலதோஷம்தான், தைலம் தேய்த்திருக்கிறேன் என்றாள் ரஹ்மத். சுனிதா சட்டையைத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சுனிதா இந்தியில் சொன்னார். அவர் வரட்டும் என்றாள் ரஹ்மத். காஜாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அடுத்தவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு என்ன உரிமை என்று நான் தயங்கி நின்றேன். சுனிதா குடையைக்கூட எடுக்காமல் ரிக்‌ஷா பிடிக்க ஓடினார். அவர் ஓடியதைப் பார்த்துத்தான் ரஹ்மத் பயந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. யூசுஃபின் உதட்டைச் சுற்றி நீலம் பாய்ந்திருந்தது. ரிக்‌ஷாக்காரர் திரும்பிக் குழந்தையைப் பார்த்தார். உடனே வண்டியைத் திருப்பி, தண்ணீர் நின்ற சந்துகள் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். வழியெல்லாம் சுனிதா குழந்தையின் தலையை நிமிர்த்திப் பிடித்தபடியே வந்தார். நான் போனில் தேஷ்பாண்டே மேடத்திடம் என்ன சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை. நாங்கள் இறங்கியபோது அவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தார்.

உள்ளே ஆக்ஸிஜன் வைத்தார்கள். சில நாட்களில் யூசுஃப் தேறி வீட்டுக்குப் போய்விட்டான். ஆனால் அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அது எங்கள் இருவருக்கும் தெரியாது. ரஹ்மத் என் மடியிலிருந்த லேப்டாப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் குழந்தைகளில் எத்தனை ஆஸ்பத்திரிக்குப் போகும் என்று அதிலிருக்கும் கணக்கு சொல்லும். ஒரே ஒரு குழந்தையைப் பற்றிக் கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. அவள் கேட்டாள்: "அதுல பாத்துச் சொல்லுங்கக்கா, எம்புள்ள பொழச்சிக்கிடுவானா?"

அதிகாரி

மழை விட்டதும் கணக்கு முடிந்தது. பிறந்த முதல் சில மாதங்கள்தான் ஆபத்து. அந்த வயதில் குழந்தைக்கு ஊசி போட்டு அது வேலை செய்வதற்குள் வைரஸ் முந்திக்கொள்ளும். ஒரு நாள் ஊசி வந்தால் கர்ப்பிணிக்குப் போடுவதே மேல் என்று வந்தது. ஊசி வரும்வரை ஒவ்வொரு மழைக்கும் எத்தனை குழந்தைகள் வார்டுக்கு வரும் என்றும் ஒரு கோடு வரைந்திருந்தோம். அதிகாரி ஒருவர் அந்தக் கோட்டையே உற்றுப் பார்த்தார். மேலே பார்ப்பவர்கள் பயப்படுவார்கள், கொஞ்சம் இறக்கி வரைந்து கொடுங்கள் என்றார். அடுத்த வருஷம் திட்டம் தொடர அவர் கையெழுத்துதான் வேண்டும். தேஷ்பாண்டே மேடம் குரலை உயர்த்தவில்லை. "வார்டில் கட்டில் காலியாகட்டும் சார், கோடு தானாக இறங்கும்."

சாந்தி அக்கா

கையெழுத்து தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. அடுத்த வருஷம் எனக்கே பெண் குழந்தை பிறந்தது. மழை தொடங்கியபோது அவளும் கைக்குழந்தை. என் ஓரகத்தி சாந்தி அக்கா, எல்கேஜி படிக்கும் மகனோடு கோயம்புத்தூரிலிருந்து பார்க்க வந்தார். பையனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நான் படுக்கையறை வாசலை மறித்துக்கொண்டு, அவன் உள்ளே வர வேண்டாம் அக்கா என்றேன். ரயிலில் அவ்வளவு தூரம் வந்தவர் கையிலிருந்த பெட்டியைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. முகம் சுண்டிப் போயிற்று. பையனை ஹாலில் டிவி முன்னால் உட்கார வைத்தார்.

அவன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் குழந்தைக்கு இருமல் வந்தது. என் கணவர் அதற்கு முன்பிருந்தே ஆபீஸ் பஸ்ஸில் இருமிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தார். நான் குழந்தையின் சட்டையைத் தூக்கித் தூக்கி விலாவைப் பார்த்தேன். மூச்சை எண்ணினேன், எண்ணிக்கை தப்பியது, மறுபடி எண்ணினேன். சாந்தி அக்காதான் குழந்தையை என் கையிலிருந்து வாங்கித் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு என்னைச் சாப்பிட அனுப்பினார். தேஷ்பாண்டே மேடம் வந்து பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். குழந்தை மறுபடி இழுத்துப் பால் குடித்த அன்று, ஹாலில் என் கணவர் இருமும் சத்தம் கேட்டது. சாந்தி அக்கா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஏங்கண்ணு, இனி எம்பையன உள்ள உட்டுட்டு, உன்ற ஊட்டுக்காரர டிவி முன்னால உக்கார வெச்சரலாமா?"

ஊர்க் குழந்தைகளின் கணக்கைப் பதறாமல் போட வேண்டுமென்றால், கணக்குப் போடுகிறவர் வீட்டில் தொட்டில் இருக்கக் கூடாது.